சேலத்தில் இருந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது: டீலரோடு நல்லுறவை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரிலிருந்து திரும்பும் வழி. இரவு ஒன்பதே முக்கால் மணி. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தபோது இடது முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச்சுவர் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. இந்த மாதிரி கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி வராது. பசை அடைக்கும் டப்பாவும் காற்றடிக்கும் பம்பும்தான் வரும். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை வேலைக்காகாது.

நான் முதலில் கூப்பிட்டது டீலரின் சர்வீஸ் பகுதியில் நம் காரைப் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசரை. எடுத்தார். "சார், முதல்ல எல்லாரும் ரோட்டை விட்டு இறங்கி நில்லுங்க. ஃப்ளாட்பெட் தவிர வேற எந்த வண்டி வந்தாலும் தொடவிடாதீங்க" என்றார். காரை முழுதாகப் பலகை மேல் ஏற்றிக்கொண்டு போகும் அந்த ஃப்ளாட்பெட் ரெக்கவரி வண்டிக்கு அவரே சொல்லிவிட்டார். வந்த ஓட்டுநர் லாரி தூக்கிப் பழகியவர், முன்பக்கம் கொக்கி மாட்டும் இடத்தைத் தேடினார். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி அட்வைசரே அவரிடம் பேசினார்: "அண்ணே, பம்பர்ல சின்ன மூடி இருக்கும், அதை எடுத்துட்டு கொக்கியை இடப்பக்கமா திருகுங்க. வழக்கமான பக்கம் திருகினா மரை ஏறாது. ஏத்தும்போது பலகைக்கு முன்னால ரெண்டு மரக்கட்டை போடுங்க, இல்லைன்னா மூக்கு இடிக்கும்." நள்ளிரவு தாண்டி கார் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

வேலை நேரம் முடிந்தபின் என் அழைப்பை எடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு எதுவும் இல்லை. அதற்கு முன் ஒன்றரை வருடமாக நாங்கள் பழகியிருந்தோம், அவ்வளவுதான். சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர், சென்னை சுமார் 340. போர்ஷே, லம்போர்கினி போன்ற கார்களை வாங்குகிற நம் ஊர்க்காரர் எல்லோருக்கும் டீலர் தூரத்தில்தான் இருக்கிறார். அந்தத் தூரத்தை ஆட்களோடு இருக்கும் பழக்கத்தால்தான் குறைக்க முடியும். அதைக் கட்டுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஷோரூமுக்கு முன் வீட்டு வாசல்

நம் ஊரில் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே சாக்கடை ஓடும், அதன் மேல் ஒரு சிமென்ட் சாய்வு இருக்கும். பைக்கும் சாதாரணக் காரும் ஏறும் அந்தச் சாய்வில் தாழ்ந்த காரின் மூக்கு இடிக்கும். கார் பார்க்கப் போவதற்கு முன் கொத்தனாரிடம் ஒரு மட்டப்பலகையை வாங்கி சாய்வின் மேல் வைத்து, எங்கே எத்தனை அங்குல இடைவெளி விழுகிறது என்று டேப் வைத்து அளந்தேன். டேப்போடு சேர்த்துப் பக்கவாட்டில் நான்கு படம் எடுத்து, நான் பேசிக்கொண்டிருந்த இரண்டு ஷோரூம்களுக்கும் அனுப்பினேன்.

ஒரு இடத்திலிருந்து "நோ ப்ராப்ளம் சார்" என்று மட்டும் பதில் வந்தது. இன்னொரு இடத்து இளைஞர் போன் செய்து கேட்டார்: "சார், சாய்வு ஏறினதும் கார் நேரா உள்ளே போகுதா, இல்லை கேட்டுக்குள்ள திரும்பணுமா?" திரும்ப வேண்டும் என்றேன். அப்படியென்றால் ஒரு சக்கரம் மேலே, ஒரு சக்கரம் கீழே இருக்கும்போது அடிப்பக்கம் உரசும், முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் வசதியை ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு போடுவது நடக்காத காரியம் என்றார். நான் யாரோடு பழக வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இதேபோல் இன்னும் சிலவற்றைப் போவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கார்கள் பலவற்றுக்கு 95 ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும். உங்கள் அன்றாட வழியில் எந்த பங்கில் அது கிடைக்கிறது என்று பார்த்துவையுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஊற்றலாமா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தொழில் பெயரில் வாங்குவதாக இருந்தால் ஆடிட்டரிடம் முதலில் உட்காருங்கள். சொந்த உபயோகக் காருக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக, அதாவது தொழிலில் நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க முடியாது, தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம். இதைத் தெரியாமல் ஷோரூமில் போய் பில்லை இந்தப் பெயரில் போடு, அந்தப் பெயரில் போடு என்று நாலு தடவை மாற்றினால் அங்கே நம் மேல் இருக்கும் நம்பிக்கை குறையும்.

படி 2: யாரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்

சேல்ஸ் கன்சல்டன்ட் என்று அட்டை கொடுப்பவர் நமக்கு முதலில் பழக்கமாவார். நல்ல பையன்களும் பெண்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அடிக்கடி வேலை மாறுவார்கள். இன்று ஒரு பிராண்ட், அடுத்த தீபாவளிக்கு வேறு பிராண்ட். அவருக்கு மேலே சேல்ஸ் மேனேஜர், அவருக்கும் மேலே டீலர்ஷிப்பின் தலைவரான டீலர் பிரின்சிபல். விலையிலும், எந்தக் காரை யாருக்கு ஒதுக்குவது என்ற அலாட்மென்ட்டிலும் கடைசி வார்த்தை இவர்களுடையது. ஒரு தடவையாவது நேரில் பார்த்து உங்கள் முகத்தையும் ஊரையும் பதியவைத்துவிடுங்கள்.

என் அனுபவத்தில் இவர்கள் எல்லோரையும் விட முக்கியமானவர் சர்வீஸ் அட்வைசர். சேல்ஸ்காரருக்கும் நமக்கும் உள்ள வேலை மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அட்வைசரோடு ஐந்து, ஏழு வருடம் ஓட வேண்டும். அதனால் கார் புக் செய்வதற்கு முன்பே சர்வீஸ் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் வாங்கப்போகும் மாடல் அங்கே வேலைக்கு நிற்கிறதா? அந்த மாடலுக்குப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எத்தனை பேர்? உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றால் எத்தனை நாள்? சேலத்திலிருந்து காரை எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்துவிடும் வசதி உண்டா, அதற்குக் கட்டணம் என்ன? சாலையில் நின்றுவிட்டால் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துவருவார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் வாடிக்கையாளருக்கு அது பெரிய விஷயமில்லை, 200 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது மிகப் பெரிய விஷயம்.

பதிவு வேலை பார்க்கும் ஆர்.டி.ஓ. பையன், டெலிவரிக்கு முன் காரைத் தயார் செய்யும் டெக்னீஷியன், இருவர் பெயரையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.

படி 3: முதல் பேச்சு

பணம் இருப்பதை மறைத்துவைத்துப் பேசுவது நம் ஊர் வியாபாரப் பழக்கம். செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறையிலும் லீ பஜார் மண்டியிலும் அது சரி. கார் ஷோரூமில் அது நமக்கே எதிராகத் திரும்பும். ஷோரூமுக்கு வருகிறவர்களில் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். வாங்கப் போகிறவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் சேல்ஸ்காரருக்குப் பெரிய பாடு. அந்தப் பாட்டை நாமே குறைத்துவிட்டால் அவர் நம் பக்கம் வந்துவிடுவார்.

நான் அனுப்பிய முதல் செய்தி கிட்டத்தட்ட இதுதான்: "வணக்கம். சேலத்தில் தொழில் செய்கிறேன். இந்த மாடலைப் பார்த்துவருகிறேன். சாலை விலை இவ்வளவுக்குள் முடிய வேண்டும். ஆவணிக்குள் முடிவு செய்வேன். இன்னொரு பிராண்டையும் பார்க்கிறேன், அதை மறைக்கவில்லை. என் மனைவியும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு. அடுத்த வியாழன் காலை 11 மணிக்கு வர முடியும், உங்களுக்கு வசதியா?" இதில் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். வியாழன் 11 மணிக்கு அங்கே இருந்தேன். ஓசூரில் நெரிசல் என்றால் அத்திப்பள்ளி தாண்டும் முன்பே போன் செய்துவிடுவேன்.

விலை, வசதிகள், டெலிவரி மாதம் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வாயால் பேசுவது உறவுக்கு, எழுத்தில் வாங்குவது நினைவுக்கு. நான் வீட்டுக்கு வந்ததும் "இன்று நாம் பேசியது" என்று நாலு வரி எழுதி அனுப்பிவிடுவேன். யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

படி 4: ஏற்காட்டில் ஓட்டிப் பார்ப்பது

பெங்களூர் நெரிசலில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஒரு கோடி ரூபாய் முடிவை எடுக்க வேண்டாம். ஆடம்பர பிராண்டுகள் அவ்வப்போது சேலத்து ஹோட்டல்களில் இரண்டு நாள் காட்சிக்கு டெமோ கார்களைக் கொண்டுவருவார்கள். அப்படி வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "ஊருக்குள்ளே ஐந்து ரோடு சந்திப்பைச் சுற்றிவர எனக்கு வேண்டாம், ஏற்காடு மலைப்பாதையில் ஒரு தடவை மேலே போய்க் கீழே வரவேண்டும்." காப்பீடு, பெட்ரோல், ஓட்டுநர் துணை எல்லாம் அவர்கள் ஏற்பாடு செய்ய நேரம் கொடுங்கள்.

காலை ஆறு மணிக்கு அடிவாரத்திலிருந்து கிளம்புங்கள். வார இறுதியும் மே மாதக் கோடை விழாக் காலமும் வேண்டவே வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகள். வேகம் பார்க்கும் இடம் இது கிடையாது. பார்க்க வேண்டியவை வேறு. அகலமான கார் என்பதால் வளைவில் எதிரே அரசுப் பேருந்து வரும்போது எவ்வளவு ஒதுங்க முடிகிறது, வேகத்தடையில் அடி இடிக்கிறதா, இரண்டாம் கியரில் ஏறும்போது கியர்பாக்ஸ் தடுமாறுகிறதா, கீழே இறங்கும்போது எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்கிறதா, பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குத் தலை சுற்றுகிறதா. மேலேறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள். கூட வரும் சேல்ஸ்காரர் நாம் ஓட்டும் விதத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொறுமையாக ஓட்டுகிறவருக்கு அடுத்த முறை இன்னும் நல்ல காரை நம்பிக் கொடுப்பார்கள்.

எனக்கு ஒரு முடிவு இந்த மலையில்தான் கிடைத்தது. லட்சக்கணக்கில் கூடுதல் விலை சொன்ன செராமிக் பிரேக்கை வேண்டாம் என்றேன். ரேஸ் டிராக்குக்குப் போகாதவருக்கு, ஏற்காடு இறக்கத்துக்கு, சாதாரண இரும்பு டிஸ்க் தாராளமாகப் போதும். அந்தப் பணத்தை லிஃப்ட் வசதிக்கும் நீட்டித்த வாரண்டிக்கும் கொடுத்தேன். சேல்ஸ்காரருக்கு அதில் கமிஷன் குறைந்திருக்கலாம். ஆனாலும் "உங்க ரோட்டுக்கு இது சரிதான் சார்" என்றார்.

மேலே ஏரிக்கரையில் டீ குடித்த அரைமணி நேரத்தில் அவர் தன் ஊர், குடும்பம், மாதக் கடைசி டார்கெட் எல்லாம் பேசினார். ஷோரூம் சோபாவில் அந்தப் பேச்சு வராது.

படி 5: விலை பேசுவது

எதில் பேரம் நடக்கும், எதில் நடக்காது என்று தெரிந்துகொண்டு பேசினால் மரியாதை இருக்கும். நடக்காத இடத்தில் மல்லுக்கட்டுவதில்தான் பல உறவுகள் கெடுகின்றன.

காரின் விலையில் பெரும்பகுதி வரி. முழுதாகக் கப்பலில் வந்திறங்கும் விலையுயர்ந்த கார்களுக்கு, 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, அடிப்படைச் சுங்கம் 70 சதவீதமும் வேளாண் கட்டமைப்பு செஸ் 40 சதவீதமும் சேர்ந்து 110 சதவீதம் வந்தது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள் வரும் கார்களுக்கு வரியைப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க வழிசெய்கிறது. அந்த நாட்டுக் காரைப் பார்ப்பவர் இன்றைய நிலவரத்தை டீலரிடம் கேட்டே ஆகவேண்டும். இங்கேயே பாகங்களைச் சேர்த்துக் கட்டும் மாடல்களுக்குச் சுங்கம் மிகக் குறைவு. பி.எம்.டபிள்யூ. எம்340ஐ சென்னை ஆலையில் கட்டப்படுவது, அதனால்தான் அந்த விலைக்குக் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்குப் பழைய செஸ் போய் ஜி.எஸ்.டி. 40 சதவீதம் என்றாகிவிட்டது.

அதற்கு மேல் தமிழ்நாட்டு வாழ்நாள் சாலை வரி. 2023 நவம்பரில் திருத்தியபடி 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க் காருக்கு இதுவே சுமார் 20 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே வாங்கிக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். அது செலவு கணக்கில் சேராது, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால்தான் வரவில் ஏறும். இவற்றில் எதையும் டீலர் குறைக்க முடியாது.

மெர்சிடிஸ்-பென்ஸ் 2021 அக்டோபரிலிருந்து இந்தியாவில் நேரடி விற்பனை முறைக்கு மாறிவிட்டது. இருப்பில் உள்ள கார் கம்பெனியுடையது, நாடு முழுக்க ஒரே விலை. அந்தக் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் வகையான ஏ.எம்.ஜி. ஒன்றை வாங்கப் போய் டீலரிடம் விலையைக் குறையுங்கள் என்று மணிக்கணக்கில் கேட்பது அவரைச் சங்கடப்படுத்துவதில்தான் முடியும்.

பேச இடமிருப்பது இவற்றில்: நீட்டித்த வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ், பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம், காப்பீட்டு பிரீமியம், சேலம் வரை ஃப்ளாட்பெட்டில் கொண்டுவந்து இறக்கும் செலவு, பழைய காரின் மாற்று விலை. இருப்பில் நாளாக நிற்கும் கார் என்றால் டிசம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் தாராளமாகவே இறங்கிவருவார்கள். ஆடி மாதம் நம் பக்கம் யாரும் டெலிவரி எடுக்க மாட்டார்கள். கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கிற அந்த மந்தமான நாட்களில் ஷோரூம்காரர்களுக்கு நம்மோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் எடுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் போனால் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது.

காப்பீட்டை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே இரண்டு விலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் சின்னதாக இருந்தால் முதல் வருடம் டீலரிடமே எடுப்பது நல்லது என்பது என் எண்ணம், க்ளெய்ம் வரும்போது அவர்களே ஓடிப் பார்ப்பார்கள். கார் திருடுபோனாலோ முழுதாகச் சேதமானாலோ இன்வாய்ஸ் விலையைத் தரும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' காப்பீட்டைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

ரொக்கம் கொடுக்கிறேன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். பாண்டிச்சேரி முகவரி காட்டிச் சாலை வரியை மிச்சப்படுத்தலாம் என்று யோசனை சொல்லும் ஆளை விட்டு விலகிவிடுங்கள். பொய் முகவரி குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும். வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் எப்படியும் மறுபதிவு செய்தாக வேண்டும். பெங்களூரில் வாங்கினால் தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து நம் ஊர் ஆர்.டி.ஓ.வில் நிரந்தரப் பதிவு செய்யுங்கள். படிவம் 20, விற்பனைச் சான்றான படிவம் 21, தகுதிச் சான்றான படிவம் 22, இன்வாய்ஸ், காப்பீடு எல்லாம் டீலரிடமிருந்து ஒரே கவரில் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

படி 6: நான் செய்த தவறு

என் முதல் ஸ்போர்ட்ஸ் காருக்காக இரண்டு ஊர்களில் ஒரே மாடலுக்கு முன்பணம் கட்டினேன். யார் முதலில் தருகிறாரோ அவரிடம் எடுத்துக்கொள்வோம், இன்னொன்றை ரத்து செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இந்த விலையில் கார் விற்கிற ஷோரூம்கள் தென்னிந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, சேல்ஸ் மேனேஜர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்றாம் வாரம் போன் வந்தது. குரலில் கோபம் இல்லை. "சார், உங்க பேர்ல ஒரு காரை ஒதுக்கச் சொல்லி நான் மேலே சண்டை போட்டு வாங்கினேன். அங்கேயும் புக் பண்ணியிருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா வேற ஒருத்தருக்குக் கொடுத்திருப்பேன்" என்றார்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். காரை அங்கேயே எடுத்தேன். ஆனாலும் அடுத்த ஒரு வருடம் அந்த மேனேஜர் என்னிடம் அளந்துதான் பேசினார். இன்னொரு டீலரிடம் விலை கேட்பதில் தவறே இல்லை, அதைச் சொல்லிவிட்டுச் செய்யலாம். புக்கிங் மட்டும் ஒரே இடத்தில் வையுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் திரும்பும் என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 7: எளிதில் கிடைக்காத கார் வேண்டுமென்றால்

போர்ஷே 911 ஜிடி3 போன்ற கார்கள் காசு இருந்தால் மட்டும் கிடைத்துவிடாது. கம்பெனி நாட்டுக்கு இத்தனை என்று ஒதுக்கும், அதிலிருந்து டீலருக்குச் சில வரும். ஃபெராரி தன் வரையறுக்கப்பட்ட கார்களுக்கு யாருக்குக் கொடுப்பது என்று தானே தேர்ந்தெடுக்கும். டீலர் பட்டியல் போடும்போது பார்ப்பது இதைத்தான்: இதற்கு முன் எங்களிடம் வாங்கினாரா, சர்வீஸுக்கு எங்களிடமே வருகிறாரா, காரை ஓட்டுகிறாரா, வாங்கிய மூன்றாம் மாதமே லாபத்துக்கு விற்றுவிடுவாரா.

அப்படி ஒரு கார் ஆசை என்றால் முதல் காரை வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். "இன்னும் நாலைந்து வருடத்தில் அது வேண்டும்" என்று சொல்லி, இடையில் பழைய காரை விற்க நேர்ந்தால் முதலில் அந்த டீலருக்கே கேட்டுப் பாருங்கள். வேண்டாத காரையும் கடன் போட்டு வாங்கி அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கப் பார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை.

படி 8: டெலிவரி நாள்

குடும்பத்தோடு போய் மாலை போட்டுப் படம் எடுக்கும் நாளில் யாராலும் காரைச் சரியாகப் பார்க்க முடியாது. அதற்கு முந்தைய நாளோ, அன்று காலை பத்து மணிக்கு முன்போ, தனியாகப் போய் வெயிலில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். சேஸிஸ் எண் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா, தயாரித்த மாதமும் வருடமும் சொன்னபடியா, நான்கு டயரும் ஒரே வயதா. டயரில் உள்ள கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும், 1425 என்றால் 2025-இன் 14-ஆவது வாரம். போர்ஷேயாக இருந்தால் டயரில் அந்தக் கம்பெனி ஒப்புதலுக்கான 'என்' குறியும் இருக்கும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை அவர்களிடமே கேளுங்கள். தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவு மட்டும் அதைப் போல் இரண்டு மடங்கு காட்டினால் நிதானமாகக் காரணம் கேளுங்கள். குறை இருந்தால் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பணத்தின் கடைசித் தவணையைக் கட்டுங்கள்.

பூஜை போடும்போது ஒரு கவனம். எலுமிச்சையை டயருக்கு அடியில் வைக்கலாம், பம்பரின் கீழ் உதட்டுக்கு நேராக வைத்து நசுக்கினால் சாறு பெயின்டில் தெறிக்கும். சந்தனத்தையும் குங்குமத்தையும் பெயின்டில் நேரடியாக இடாமல் கண்ணாடியில் இடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா பானெட்டில் இடத்தான் ஆசைப்பட்டார். அங்கே இருந்த டெக்னீஷியன் தம்பி ஓடிப்போய்ச் சின்னதாக ஃபிலிம் வெட்டி ஒட்டிக்கொடுத்தார், அதன் மேல் இட்டார்.

படி 9: அதற்குப் பிறகுதான் எல்லாம்

முதல் சர்வீஸுக்குக் காரை ஆள் வைத்து அனுப்பாதீர்கள், நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள். அட்வைசரோடு காரைச் சுற்றி நடந்து, என்ன சத்தம், எந்த வேகத்தில், எஞ்சின் சூடாக இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா என்று சொல்லுங்கள். நான் ஒரு சின்ன நோட்டில் தேதி, கிலோமீட்டர், இடம் போட்டு எழுதிக்கொண்டு போவேன். "மூணாவது கொண்டை ஊசி, இடப்பக்கத் திருப்பம், முன்னால கிரீச்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து அட்வைசர் உடனே சக்கர இணைப்பில் இருக்கும் எந்த ரப்பர் புஷ்ஷைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பில்லில் புரியாத வரி இருந்தால் கேளுங்கள், ஆனால் நூறு ரூபாய்க்கு வாதாடாதீர்கள். நல்ல வேலை செய்த டெக்னீஷியன் பெயரைச் சொல்லி மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அவர்களுக்குத் திட்டி எழுதும் கடிதங்கள்தான் அதிகம் வரும், பாராட்டி வந்த கடிதத்தை வைத்திருப்பார்கள். சர்வீஸ் முடிந்தபின் கம்பெனியிலிருந்து வரும் கருத்துக் கேட்பு அழைப்பை எடுத்துப் பேசுங்கள், அந்த மதிப்பெண் அவர்கள் ஊக்கத்தொகையைத் தீர்மானிக்கும். குறை இருந்தால் அந்த அழைப்புக்கு முன்பே அட்வைசரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

பணமாக எதுவும் கொடுக்காதீர்கள், அது உறவைக் கூலியாக்கிவிடும். வைகாசியில் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுபோனால் போதும். சேலத்துக்காரர் வெறுங்கையோடு வந்தால்தான் அங்கே ஆச்சரியப்படுவார்கள்.

பழைய கார் வாங்கினால்

கம்பெனியின் சான்றளித்த பழைய கார் திட்டத்தில் வாங்குவது தூரத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பு. போர்ஷே அப்ரூவ்டு திட்டத்தில் 111 அம்சச் சோதனை உண்டு. வெளி டீலரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லுங்கள். கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35, வேறு ஆர்.டி.ஓ. எல்லையிலிருந்து வந்தால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்ற 29, 30.

பணம் கொடுக்கும் முன் காரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் விட்டு முழுச் சோதனை செய்யுங்கள். போர்ஷே என்றால் எஞ்சின் எல்லை தாண்டிச் சுற்றியதன் பதிவை எடுத்துக்கொடுக்கச் சொல்லலாம். ஏற்கெனவே அட்வைசரைப் பழக்கம் என்றால் அந்தக் காரின் சர்வீஸ் வரலாறு எப்படி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார். "விடுங்க சார், வேற பார்க்கலாம்" என்ற ஒரு வரியால் நான் ஒரு காரிலிருந்து தப்பினேன்.

மனஸ்தாபம் வந்தால்

வரும். எனக்கும் வந்தது. டெலிவரி தேதி இரண்டு முறை தள்ளிப்போய், காரணம் சொல்ல ஆளில்லாமல், ஒரு மாதம் அலைந்திருக்கிறேன். முதலில் ஆளோடு பேசுங்கள், பிறகு தேதிவாரியாக எழுதி மேனேஜருக்கு, பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் கம்பெனியின் இந்திய அலுவலகத்துக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலிருந்தே புகார் செய்யலாம், பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். எழுத்தில் வாங்கிவைத்த மின்னஞ்சல்கள் எல்லாம் அப்போது கைகொடுக்கும். வழக்கு போடும்போதும் அட்வைசரைத் திட்டாதீர்கள், முடிவு எடுத்தவர் அவர் இல்லை.

வாசல் சாய்வைப் பற்றிக் கேள்வி கேட்ட அந்த இளைஞர் இப்போது வேறு பிராண்டில் மேனேஜர். போன வாரம் கூப்பிட்டார். புது மாடல் டெமோ கார் சேலம் வருகிறதாம். "சார், உங்களுக்குத் தான் முதல்ல. ஞாயிறு வேண்டாம்னு தெரியும், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரத்துல நிக்கிறேன்" என்றார். கார் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு எனக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "பரவாயில்லை சார், மேலே போய் டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார்.